தள்ளிப்போகாத ஞாயிறு

சவரியப்பனுக்கு அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. சாத்தூர்க் கோவிலில் எந்த ஞாயிறு பூசையில் யார் பைபிள் வாசகம் வாசிப்பது என்று பெயர் போடுவதும் அவர்தான். திமிர் அதிகம் இந்த இரண்டாவது வேலையில்தான்.

2006 ஆகஸ்டில் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதே கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து மனைவி பிரகாசிக்குக் கை வெந்திருந்தது. சீசன் நேரத்தில் இதற்கெல்லாம் வீட்டில் உட்காரலாமா என்று இவர் கேட்டுவிட்டார். அன்று வாயை மூடியவள்தான், வேலைக்கும் வரவில்லை. பெண்டாட்டியையே கூட்டிவர முடியாத போர்மேன் என்று கம்பெனியில் சிரித்தார்கள்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். மனைவியர் கணவருக்குப் பணியவேண்டும் என்று பவுலடியார் சொல்லும் ஞாயிறு இந்த வருஷம். அதைப் பிரகாசியே வாசித்தால்? அடடா, மூளை என்றால் இதுவல்லவா மூளை!

கோவில் காலண்டரைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆகஸ்ட் ஆறாம் தேதி உருமாற்றத் திருவிழா குறுக்கே விழுந்து, அன்றைக்கு உரிய வேறொரு வாசகம் நின்றுபோயிருந்தது. இன்று ஏறாத லோடு நாளை ஏறும், ஆக எல்லாம் ஒரு வாரம் தள்ளும், ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுப் பவுலடியாரும் செப்டம்பருக்குப் போவார் என்று கணக்குப் போட்டார். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கு அவள் பெயர், அதற்கு முந்தியதற்குத் தன் பெயர்.

கோவிலில் லோடு காத்திருப்பதில்லை. நின்றது நின்றதுதான், அடுத்த வாரத்தது அடுத்த வாரமே வந்துவிடும். தன் முறைக்கு மேடையேறினால், விரித்திருந்த புத்தகத்தில் அதே வாசகம்! சரி, நம் வாயால் என்றால் இன்னும் கம்பீரம் என்று, பணியச் சொல்லும் வரியை மைக் அதிர வாசித்தார்.

அவருக்கு நினைவிருந்தது அந்த வரி மட்டுந்தான். அதற்கப்புறம் கணவன்மாருக்கு வந்தது பாருங்கள், முடியவே இல்லை. அன்பு செய், அவளுக்காக உன்னையே கொடு, தன் உடம்பை எவனாவது வெறுப்பானா என்று போய்க்கொண்டே இருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும். சவரியப்பன் அதற்கு மைக்கும் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் பிரகாசி, துணி சுற்றிய கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அவமானமாக இருந்தது.

பூசை முடிந்து வாசலில் அவளிடம் போனார்.

"நாளைக்கு நீ கம்பெனிக்கு வர வேண்டாம், பிரகாசி." ஏதோ வரம் கொடுக்கிற தோரணை.

அவள் அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"நாந்தான் வரலையே. கை எப்படி இருக்குனு இன்னும் நீங்க ஒரு வார்த்தை கேக்கலை."