ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீர்

வீரபாகுவுக்குத் தன் கைமேல் அலாதி நம்பிக்கை. பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார். பட்டு நூலில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டித் தண்ணீரில் ஆசிட் விட்டுப் புளிப்பேற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதை அப்படியே கால்வாயில் திறந்துவிட முடியாது. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி முறிக்க வேண்டும். அதற்கென்றே தொட்டியோரம் ஒரு வாளி நிறையக் கரைத்து வைத்திருப்பார். பிஎச் பேப்பரை நனைத்துப் பார்ப்பார். சிவந்தால் இன்னும் புளிப்பு. பச்சையானால் ஏழு, இரண்டும் சமன். நீலத்துக்குப் போனால் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. சோதனைக்கு அதிகாரி வந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பச்சைப் பேப்பரை நீட்டுவார். அந்தத் தெனாவட்டுதான் குடியைக் கெடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி துளசி ஆசிட் கேனைத் திறந்தபோது மூடி தெறித்து, வலது கண்ணில் ஆசிட் அடித்துவிட்டது. "ஐயோ, எரியுதே!" என்று தரையில் புரண்டாள். நாலடி தள்ளிக் குழாய் இருந்தது. அதில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. ஆனால் வீரபாகு ஓடியது வாளிக்கு.

"ஆசிட்டுதானே, முறிச்சிடலாம். அசையாத துளசி!" என்று அவள் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சொம்பில் மொண்டு முகத்தில் ஊற்றினார். அவள் அலறினாள். போதவில்லை என்று நினைத்து இன்னொரு சொம்பும் ஊற்றினார். பாவி மனுஷன், பாசத்தில்தான் செய்தார். பாசம் இருந்து என்ன, புத்தி வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துளசியின் இமையை விரித்து ஒரு பேப்பர் துண்டை உள்ளே தொட்டெடுத்தார். அவர் வாயைத் திறக்குமுன் வீரபாகு நிறத்தைப் பார்த்துவிட்டார். கருநீலம். இடது கண்ணிலும் அதே நீலம்.

இமைக்கடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்குகளைப் பொறுக்கியெடுத்து, பாட்டில் பாட்டிலாக நீர் விட்டுக் கழுவினார்கள். பிறகு டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உடனே குழாய்த் தண்ணியில கழுவியிருந்தா ஆசிட் பட்ட கண்ணைக்கூட காப்பாத்தியிருக்கலாம். சுண்ணாம்பு நிக்காதுங்க, உள்ள இறங்கிக்கினே போகும். ஆசிட் பட்டது ஒரு கண்ணு. நீங்க ஊத்தினது ரெண்டுலயும்."

"தொட்டியில நல்லா முறியுதேம்மா..."

"தொட்டியில பேப்பரைப் பார்த்துப் பார்த்து ஊத்தறீங்க. இங்க எத்தப் பார்த்து ஊத்தினீங்க? அதுவும் இல்லாம தொட்டிக்குச் சதையா இருக்குது, வேகறதுக்கு?"

இரண்டு கண்ணும் திரும்பாது என்றார். வீரபாகு அதைத் துளசியிடம் சொன்னார். ஏன் என்பதைச் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள், "அவரு மட்டும் பக்கத்துல இல்லன்னா மூஞ்சியே வெந்திருக்கும்" என்றாள். வீரபாகு தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

நான்காம் நாள் துளசியின் தங்கை அங்கம்மாள் போன் செய்தாள். ஐயம்பேட்டையில் அவளுக்கும் சாயப்பட்டறை உண்டு. துளசி ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மறு கை புருஷனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"நீயும் ஆசிட் கேன் பக்கத்துல ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணி வச்சிக்கோடி. கண்ணுல பட்டா உடனே ஊத்திடு. மாமா அப்படித்தான் என்னைக் காப்பாத்தினாரு."

"சரிக்கா, இன்னிக்கே வச்சிடறேன்" என்று போனில் கேட்டது.

வீரபாகு போனைப் பிடுங்கினார். "வேணாம்மா! சுண்ணாம்பைத் தொடாத. பச்சத்தண்ணி மட்டும் ஊத்து, அரை மணி நேரம் ஊத்திக்கினே இரு. உங்க அக்கா கண்ணை ஆசிட்டு அவிக்கல. நான்தான் அவிச்சிட்டேன்."

அவர் மணிக்கட்டிலிருந்து துளசியின் கை நழுவியது. கட்டுப் போட்ட முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்போ எடது கண்ணுல ஆசிட்டே படலியா?"

"படல" என்றார் வீரபாகு.