கட்டினவன்

“கட்டினவன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“பொண்டாட்டியைக் கட்டினவன்னு நெனச்சேன். சம்சாரத்தைப் பறிகொடுத்த மனுஷன் வேற எதைக் கட்டியிருப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்?”

தையல்காரி இப்படிக் கேட்டதும் கடையில் மெஷின் நின்றுவிட்டது. எதிர்க்கடையில் வெங்காயம் பொறுக்கியவர்கள் ஒரே வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் ஆய்வுக்கூடத்துப் பேச்சால் வந்த வினை. அங்கே எலிகளைப் பராமரிக்கும் மாப்பிள்ளைக்கு உலகமே இரண்டு வகை: விந்துக்குழாயில் முடிச்சுப் போட்ட எலி ‘கட்டினவன்’, போடாதது ‘கட்டாதவன்’. முதல் மனைவி இருந்த காலத்தில், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, தானும் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். சம்பந்தம் பேச வந்த அன்று வெட்கத்தோடு, பிறர் காதில் விழாமல், அந்த ஒரே சொல்லில் விஷயத்தை முடித்தார். “தெரியும், பரவாயில்லை” என்றாள் தையல்காரி. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இன்று கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், கூட வந்த அவருடைய அக்கா சும்மா இருக்காமல், “இனிமே பிள்ளைத் தொந்தரவும் இல்லை” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

“அவுத்துடலாம்மா, டாக்டருங்க செய்றாங்க” என்று இப்போது ஒட்டப் பார்த்தாள்.

தையல்காரி அவரையே பார்த்தாள். நாற்பதை நெருங்குகிறவள், ஊரார் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தே கை காய்த்தவள்.

“தினமும் எலியோடதானே இருக்கீங்க. கட்டினப்புறம் உள்ள என்ன ஆகுது?”

“ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுடா” என்று அக்கா முணுமுணுத்தாள்.

சொல்லியிருந்தால் கல்யாணத் தேதி நிலைத்திருக்கும். பாவி மனுஷனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்த, எலி விதையின் குறுக்குவெட்டு வட்டங்கள் கண்முன் வந்து நின்றன. ஓர் எலிக்கு அவை உயிரணுக்களால் நிறைந்து நெருங்கியிருந்தன. பக்கத்துக் கூண்டு எலிக்கு ஓரம் மெலிந்து, நடுவே வெறிச்சோடிக் கிடந்தன. இரண்டையும் கட்டியது ஒரே கை.

“சிலதுக்கு உற்பத்தி அது பாட்டுக்கு நடக்குது. சிலதுக்குச் சுருங்கிடுது. எதுக்கு எப்படின்னு எலியோட மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது.”

“நீங்க எதுல சேர்த்தி?”

“நான் எலி இல்லையேம்மா. எனக்குத் தெரியாது.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்பதில் தெரு இன்னும் இரண்டு கட்சி. அவிழ்க்கும் ஆபரேஷனுக்கு அவர் ஏற்பாடு செய்யத்தான் செய்தார். காத்திருக்கும் வயது தனக்கில்லை என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த வருஷம் ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊர் போனாள். அக்கா தம்பியோடு பேச்சை விட்டு, தன் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள்.