எடைக்குப் போட்ட டிராம்போன்

கடலூர் முதுநகரில் பழைய இரும்பு, பித்தளை வாங்குகிற முஹம்மது இஸ்மாயிலுக்குத் தன் தராசின் மேல் அப்படியொரு பெருமை. வருஷம் தவறாமல் முத்திரை போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் அளவு நிறுவையைப் பற்றி ஆரம்பித்தால் மற்ற கடைக்காரர்கள் குனிந்து பாயின் கோரையை எண்ணுவார்கள். இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார். நிமிர்ந்தது எல்லாம் போன ஆடி வரைக்கும்தான்.

அந்த ஆடியில் ஒரு காலை இருசம்மாள் கடைக்கு வந்தாள். பேண்டு செட்டில் ஊதுகிற காத்தவராயனின் மனைவி. ஒரு பித்தளைக் குடத்தையும், பழைய வேட்டியில் சுற்றிய, கணவன் ஊதுகிற டிராம்போனையும் இறக்கி வைத்தாள்.

"வூட்டுக்காரரு பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரில கெடக்குறாரு பாய். பேச்சு வரல. இது எவ்ளோ போவும்னு அவரக் கேக்கவும் முடியல. அவரோட வாத்தியாரு சும்மா குடுத்தது, எனக்கு வெல தெரியாது. நீங்க பாத்து நியாயமா போடுங்க."

வாங்கிய பித்தளையை அங்கேயே சம்மட்டியால் நசுக்கிப் போடுவது அந்தக் கடை வழக்கம். இடத்தை அடைக்காது, திரும்பப் பேரத்துக்கும் வராது. குடத்தை நிறுத்தார், தொகையைச் சொன்னார், ரெண்டே அடி. குடம் தட்டாகிவிட்டது. இருசம்மாள் கண்ணை மூடித் திறந்தாள்.

அடுத்து டிராம்போன். அதன் நீளக் குழாயை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி சத்தமே இல்லாமல் போய் வந்தது. புனல் வாய்க்குப் பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் வெட்டியிருந்தது. அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு தராசில் வைத்தார். ஒரு கிலோ அறுநூறு கிராம். எழுநூற்று இருபது ரூபாய்.

"முப்பது சேத்து எழுநூத்தம்பதா வாங்கிக்கம்மா. ஜாஸ்திதான்," என்றார். தராசு ஒரு கிராம்கூடப் பொய் சொல்லவில்லை. அவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள். இஸ்மாயில் டிராம்போனை அதே வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார்.

எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. பங்குனியில், முதுநகர்க் கல்யாணம் ஒன்றுக்கு வாசிக்க வந்த சிதம்பரம் பேண்டு செட்டுக்காரர் சார்லஸ், பழைய வாத்தியம் ஏதாவது உண்டா என்று கடையில் எட்டிப் பார்த்தார். இஸ்மாயில் பரணில் இருந்ததை இறக்கினார்.

சார்லஸ் அதை நிமிர்த்திப் பிடித்துக் குழாயை விட்டார். அது தானாக, மெதுவாக இறங்கியது. வாயில் வைத்து ஊதினார். தெருவில் போன ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போனது.

"என்னா வெல சொல்றீங்க பாய்?"

"தெரிஞ்சவரு நீங்க. நீங்களே சொல்லுங்க."

"ஏமாத்த மாட்டேன். புதுசு பத்தாயிரத்துக்குக் கெடைக்கும், ஆனா ரெண்டு வருஷத்துல இளிச்சிடும். இது பழைய வெளிநாட்டு உருப்படி. எவன் கேட்டாலும் பதினெட்டு தகும்." பெருமூச்சோடு புனல் வாயைத் தடவியவரின் விரல் ஓர் ஈய ஒட்டில் நின்றது. "ஐயோ, இது காத்தவராயண்ணனோடதாச்சே! அவரு சாவுக்கு வாசிக்கலாம்னு இதத்தான் தேடுனோம் பாய். அண்ணி இப்ப சிதம்பரத்துல மக மாலதி வூட்டுல இருக்காங்க."

பதினெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, டிராம்போனைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார்.

இஸ்மாயிலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி சர்புன்னிசா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வியாபாரத்துல வந்த லாபம்தானே மச்சான். மனசு கேக்கலன்னா பாதி குடுங்க," என்றாள்.

"பாதி நியாயம்னு ஒண்ணு இருக்கா? நான் போட்ட எழுநூத்தம்பது போவ மீதி மொத்தமும் அந்தம்மாவுது."

மறுநாள் காலை பஸ் ஏறினார். முடிவெடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டும்போது வேர்க்கடலை வாங்கிப் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுத்தார். புதுச்சத்திரத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். 'எனக்கு அன்னிக்குத் தெரியாதும்மா' என்று சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அழுக்குத் துணியைத் துவைக்க எடுத்துப் போகிறவர், அதை யார் வாசலில் அலசுகிறோம் என்று யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் மாலதி வேலைக்குப் போயிருந்தாள். இருசம்மாள் தண்ணீர் கொடுத்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். இஸ்மாயில் சங்கதியைச் சொல்லிப் பணத்தை அவள் முன்னால் வைத்தார்.

"பதினேழாயிரத்து எரநூத்தம்பது இருக்கும்மா. ஒரு ரூவா லாபம் நான் வெச்சிக்கல."

அவள் பணத்தைத் தொடவில்லை. "இப்ப வெல ஏறிடுச்சா பாய்?"

ஆமாம் என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் எந்தப் பாவமும் வந்திருக்காது என்பது என் கட்சி. ஆனால் வந்தவர் தன்னைச் சுத்தமாக்கிக்கொண்டு போக வந்தவர் அல்லவா?

"இல்லம்மா. அன்னிக்கும் அதே வெலதான்."

இருசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொழைச்சிக்குவாருன்னாங்க பாய். பதினஞ்சாயிரம் கட்டச் சொன்னாங்க. காப்பீட்டு கார்டுல அவரு பேரு உட்டுப்போச்சு. குடத்த வித்தேன், தாலிக்குண்டு முன்னாடியே அடகுல போச்சு. எல்லாம் சேத்தும் மூவாயிரம் தேறல. வூட்டுக்கு இட்டாந்துட்டேன். மூணாம் நாளு போயிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னால ஆனத எல்லாம் செஞ்சிட்டேன்னுதான் இந்த எட்டு மாசமும் தூங்குனேன். கையிலயே இருந்திருக்கு பாய். நானே எடுத்தாந்து எடைக்குப் போட்டிருக்கேன்."

இஸ்மாயிலுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"பாய், ஒண்ணு கேக்கட்டுமா? குடத்த என் கண்ணெதிர்க்க சம்மட்டியால அடிச்சீங்க. அத மட்டும் ஏன் அடிக்கல?"

அவர் வாயைத் திறந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மூன்று விதமும் தயாராக இருந்தன. ஆனால் அன்று டிராம்போன் மேல் கை நின்ற அந்த ஒரு நொடிதான் கண் முன்னால் வந்து நின்றது. அது எடைக்குப் போகிற பொருள் இல்லை என்று அன்றே தெரிந்துதான் இருந்தது. விலை தெரிந்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தராசின் பின்னால் ஒளிந்துகொண்டது அவர்தான்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பணக்கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"மாலதி வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க பாய். இவ்ளோ பணத்தப் பாத்தா எங்கேருந்து வந்துச்சின்னு கேப்பா. அப்பன அம்மாவே சாவ உட்டுட்டான்னு அவளுக்குத் தெரிய வாணாம்."

'நீ இல்லம்மா, நான்' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.