பத்தடி ஆழத்தில் மீஞ்சூர்

காசிமேட்டிலிருந்து காக்கிநாடா வரைக்கும் இருக்கிற கடலில், கால் விளங்காமல் போன ஒருவனை மறுபடியும் தண்ணீருக்குள் அமுக்கி நடக்கவைத்த ஒரே ஆள் நான்தான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அமுக்கினேன், நடந்தான்.

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆகிறவரைக்கும் கேட் எதிரே இருந்த டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லியே பல டீ ஓசியில் குடித்திருக்கிறேன். அந்த ஆழத்தில் நான் நாஷ்டா சாப்பிட்டதையும், ரயில் இன்ஜின் அளவு கொடுவாய் மீன் ஒன்று ஓரம் போய் எனக்கு வழிவிட்டதையும் சேர்த்துத்தான் சொல்வேன். கேட்டவர்கள் பாதியாவது நம்பினார்கள். ஒரே ஒருத்தன்தான் ஒரு சொல்லைக்கூட நம்ப மறுத்தான். என் கையால் அமுக்கப்பட்ட கலியன்.

எழுபத்திரண்டாம் வருஷம். பழவேற்காட்டுக்குக் கிழக்கே, நூறடி ஆழத்தில், ரயில் தண்டவாளம் ஏற்றிவந்த பழைய கப்பல் ஒன்று கிடந்தது. அந்த இரும்பை எடுத்து மில்லில் உருக்க மெட்ராஸ் கம்பெனி ஒன்று வந்து, எங்கள் குப்பத்தில் மூச்சடக்கி முழுகத் தெரிந்த ஐந்து பேரை வேலைக்கு எடுத்தது. முதுகில் சிலிண்டர் கட்டி முழுகக் கற்றுக்கொடுத்தவர் நேவியிலிருந்து வந்த பாக்கியநாதன் சார்.

முதல் பாடம் காற்று. மேலே ஒரு மணி நேரத்துக்கு வருகிற சிலிண்டர் நூறடியில் கால் மணிதான் வரும், அங்கே ஒவ்வொரு மூச்சும் நாலு மூச்சுக்குச் சமம் என்றார். இறங்க ஒரு பங்கு, ஏற ஒரு பங்கு, தொடவே கூடாத பங்கு ஒன்று.

"மூணாவது பங்கு யாருக்கு சார், கங்கையம்மனுக்கா?" என்றான் கலியன்.

"உன் பொண்டாட்டிக்குடா. நீ ஊடு போய்ச் சேர."

இரண்டாவது பாடத்துக்கு கோலி சோடா வாங்கிவந்தார். ஆழத்தில் காற்று ரத்தத்துக்குள் கரைந்துவிடும். பொறுமையாக ஏறினால் வந்த வழியே போய்விடும். அவசரப்பட்டால் இப்படித்தான் என்று கோலியைப் பட்டென்று தட்டினார். சட்டையெல்லாம் நுரை. மிச்ச சோடாவைக் குடித்தவன் நான். அதனால்தான் எனக்கு மட்டும் பாடம் வயிற்றுக்குள் இறங்கியது.

ஆகவே ஏறும்போது பத்தடி ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்க வேண்டும். மீஞ்சூர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் வண்டி காத்துக் கிடக்கிற மாதிரி இருந்ததால் அந்த இடத்துக்கு மீஞ்சூர் என்று பேர் வைத்தோம். காற்று போதாதவனுக்காக அங்கே ஒரு நிறை சிலிண்டரைக் கயிற்றில் எப்போதும் கட்டித் தொங்கவிடுவார் சார்.

சிக்கல் எங்கள் பிறவிக் குணத்தில் இருந்தது. ஏரியில் யார் அதிக நேரம் மூச்சடக்குகிறான் என்று பந்தயம் கட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பெனிக் காற்று எங்களுக்கு இன்னொரு பந்தயமாகிவிட்டது. மேலே வந்ததும் சிலிண்டரில் மீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். முள் யாருக்கு அதிகம் நிற்கிறதோ அவன்தான் ஆம்பளை. மெட்ராஸிலிருந்து லாரியில் காற்று வரவழைக்கிற மேனேஜருக்கு இது கொண்டாட்டம். "கலியன பார்த்துக் கத்துக்கங்க" என்பார். மீஞ்சூரில் தொங்கி வீணாக்குகிற என்னைப் பார்த்து, "உனக்கு வவ்வால் உத்தியோகந்தான் லாயக்கு."

பாக்கியநாதன் சார் மெட்ராஸ் போயிருந்த ஒரு நாள், இரண்டாவது முழுக்கு. நான் மீஞ்சூரில் தொங்கிக்கொண்டிருந்தேன். கலியன் எனக்குக் கையசைத்துக்கொண்டே நிற்காமல் மேலே போனான். எக்ஸ்பிரஸ்.

நான் படகில் ஏறும்போது முள்ளைக் காட்டிக் கெக்கலித்துக்கொண்டிருந்தான். "பாத்தியா மாமா, பாதி மிச்சம்!" கொஞ்ச நேரத்தில் முட்டி குடைகிறது என்றான். பிறகு டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது. எழுந்திருக்கப் பார்த்தான், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே அவனுடையதாக இல்லை.

"மாமா, என் கால் எங்க மாமா?"

கரைக்கு மூன்று மணி நேரம். மறுபடியும் ஆழத்துக்குக் கொண்டுபோனால் ரத்தத்தில் நுரைத்த குமிழி நசுங்கும், அது உயிரோடு விளையாடுகிற வேலை, வேறு வழியே இல்லாதவன்தான் செய்வான் என்று சார் ஒருநாள் சொல்லியிருந்தார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவன் முதுகில் சிலிண்டரைக் கட்டினேன். "ஐயோ, கொல்றான்!" என்று அவன் கத்தக் கத்த வாயில் குழாயைத் திணித்துக் கட்டிப்பிடித்துக் கடலில் விழுந்தேன்.

கீழே என் முகத்தைப் பிறாண்டினான். நான் விடவில்லை. ஒரு சிலிண்டர் தீர, மீஞ்சூரில் தொங்கினதை இறக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். டீக்கடையில் மூன்று நாள் என்று சொல்லியிருக்கிறேன். திடீரென்று என் வயிற்றில் ஒரு உதை விழுந்தது. செத்த காலால் உதைத்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு சுகமான உதை வாங்கியதில்லை.

அங்குலம் அங்குலமாக மேலே கொண்டுவந்தேன். கரையில் நொண்டி நொண்டி இறங்கி நடந்தான். அவன் மனைவி கன்னியம்மா என்மேல் மண்ணை வாரி இறைத்தாள். "எம் புருசன தண்ணில தள்ளிக் கொல்லப் பாத்தியேடா, பாவி!"

கம்பெனி ஆபீஸில் விசாரணை. படகிலிருந்தவர்கள் தள்ளினதைப் பார்த்தோம், அடியில் நடந்தது தெரியாது என்றார்கள். மேனேஜர் கலியனைக் கேட்டார்: "டெக்குல வழுக்கித்தானே உழுந்த?" நிற்காமல் ஏறினேன் என்றால் வேலை போய்விடும். வழுக்கினேன் என்றால் படகிலேயே இரும்பைத் தூக்குகிற வின்ச் ஓட்டும் வேலை, இனி முழுக வேண்டாம்.

கலியன் என்னைப் பார்க்கவில்லை. "வழுக்கித்தான் உழுந்தேன் சார். கண்ணு முழிச்சா இவரு என்ன முழுவடிச்சிக்கினு இருந்தாரு."

அதோடு என் வேலை போனது. சண்டை போட்டுப் பார்த்த பாக்கியநாதன் சாரும் போனார். நடக்காத ஒன்றுக்கு ஜாக்கிரதை எதற்கு? மீஞ்சூரை எடுத்துவிட்டார்கள், அங்கே தொங்கிய சிலிண்டரையும்தான். நான் மில்லில் சேர்ந்தேன். என் பிழைப்பிலேயே கலப்படமில்லாமல் அந்த விசாரணையில் சொன்ன ஒரே உண்மைக்குக் கொலைகாரன் பட்டம் கிடைத்தபிறகு, அதற்குக் கொடுவாயும் நாஷ்டாவும் சேர்த்தால் என்ன குறைந்துவிடப்போகிறது? பொய்யாகவே சொன்னேன். ஜனங்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள். கலியன் மட்டும் எப்போதாவது கடைப்பக்கம் வந்தால், "கிழம் இன்னும் புளுவிக்கினுதான் இருக்குதா?" என்பான். ஒன்று கவனித்தேன்: அவன் சோடா மட்டும் குடிக்கவே மாட்டான்.

எழுபத்தெட்டில், ஒரு மத்தியானம். டீக்கடையில் கொடுவாயை இன்னும் கொஞ்சம் வளர்த்துக்கொண்டிருந்தேன். மில் லாரியிலிருந்து கலியன் குதித்து ஓடிவந்தான். அவன் தம்பி சேகரும் அதே கம்பெனியில் முழுகுகிறான் என்று எனக்குத் தெரியும்.

"மாமா, சேகருக்குக் கால் வரல மாமா. என்ன எறக்கினியே, அந்த மாதிரி அவன எறக்கு. வா மாமா."

ஆறு வருஷம் நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு: 'உன்ன எப்போடா எறக்கினேன், நீ வழுக்கினு உழுந்தவனாச்சே?' அது நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

"காத்து ரொம்பின சிலிண்டரு எத்தினி கீது?"

கலியன் இரண்டு கையையும் விரித்தான். ஒன்றுகூட இல்லை. மிச்சம் பிடித்தே பழகிய கம்பெனி, உபரி என்று எதையும் வைத்திருக்கவில்லை.

பழவேற்காட்டுக் கரையில் படகு நிழலில் சேகர் கிடந்தான். நான் தொடையைக் கிள்ளியது அவனுக்குத் தெரியவில்லை. கடல் பத்தடி தள்ளித்தான் இருந்தது. காற்றில்லாமல் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தண்டவாளம் ஏற்றுகிற லாரியில் வைக்கோல் பரப்பி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். அந்தக் கால் பிறகு வரவே இல்லை.

லாரி கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். கன்னியம்மா, குப்பத்து ஜனம், எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர் சேகரைப் பார்த்தார், பிறகு கலியனைப் பார்த்தார்.

"டெக்குல வழுக்கி உழுந்துட்டானா?"

கலியன் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வழுக்கல சார். அன்னிக்கு நானும் வழுக்கல. மீஞ்சூர்ல நிக்காம ஏறினேன், காலு பூட்சி. மாமா என்ன அடியில இட்டுக்கினு போய் உசுரக் குடுத்தாரு. செத்த காலால அவர ஒதச்சேன். எல்லாம் நடந்துது சார்."