சுகமாகிவிட்ட கால்கள்

மஸாஹிராவின் கால்வலி போய்விட்டதென்று டொக்டர் அறிவித்தபோது, அவளுடைய இரண்டு பாதங்களும் மிளகாய் பூசியதுபோல் எரிந்துகொண்டிருந்தன. டொக்டர் சிங்களத்தில் சொன்னதை உதவியாளர் சுகிர்தா தமிழில் சொன்னாள்.

"நல்லா குணமாயிருச்சும்மா. இனிமே நீங்க வரத் தேவையில்ல."

மகன் ஷப்ராஸின் முகம்தான் மலர்ந்தது. கடையைப் பூட்டிவிட்டு வத்தேகமயிலிருந்து கண்டிக்கு உம்மாவை ஏற்றி இறக்கும் தொல்லை அவனுக்கு ஒழிந்தது.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவளுடைய கால் நரம்புகளைத் தின்று வருடங்கள் ஆகிவிட்டன. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. எரிவது மட்டும் தெரியும். அல்லாஹ்வின் கணக்கு அப்படி. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை, தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளைப் பிடித்து மூளையைத் தட்டினால் அது வலியை மறந்துவிடுமா என்று பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்த ஆராய்ச்சிக்கு அவளாகத்தான் பெயர் கொடுத்தாள். கதிரையில் உட்கார்ந்து தொழுது தொழுது அவளுக்கு மனம் சலித்துவிட்டது. கால்விரல்களை ஊன்றி ஒரே ஒரு தடவை நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். சுகிர்தா முக்காட்டைப் பதமாக விலக்கிச் சுருளை வைப்பாள். அது டொக் டொக்கென்று தட்டும். அந்தச் சத்தத்துக்குள் மஸாஹிரா ஸலவாத்து ஓதிக்கொண்டிருப்பாள்.

முடிந்ததும் சுகிர்தா கேட்பாள். "இன்னிக்கு வலி எப்படிம்மா? பத்துக்கு எத்தன சொல்லுவீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ் மகள், நல்லம்."

வேறென்ன சொல்வாள்? உயிர் போகிற நேரத்தில், மையத்துக் கட்டிலில் கிடத்தப் போகும்போது கேட்டாலும் அவள் குடும்பத்தில் அதைத்தான் சொல்வார்கள். அது காலைப் பற்றிய சேதி அல்ல, படைத்தவனுக்குச் செய்யும் மரியாதை. மரியாதையைச் செய்துவிட்டு, மூச்சு வாங்கி, எரிவைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் ஷப்ராஸ் முந்திக்கொள்வான். "ரெண்டு எண்டு போடுங்க மிஸ்." சுகிர்தாவும் போட்டுக்கொள்வாள். வீட்டில் உம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதைத் தினமும் பார்க்கிறவன் அவன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். பெற்றவளின் வலிக்கு இலக்கம் போடும் துணிச்சல் மட்டும் எங்கிருந்து வந்தது?

"எங்களுக்கு முடிஞ்சா? வெளிய இருக்கிற ஆக்களுக்கு?" என்று, இனி வரத் தேவையில்லை என்ற இன்று அவள் கேட்டாள்.

"குணமாகாதவங்களுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்மா. இடத்த மாத்தி வச்சுப் பாப்போம்."

வெளியே வாங்கில், அதே ஆராய்ச்சிக்கு வருகிற ஹந்தானைக் கணபதி உட்கார்ந்திருந்தார். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பன்னிரண்டு என்கிற மனிதர். அழுத பிள்ளை பால் குடிக்கும். அடக்கமாக இருந்தவளுக்கு வீட்டுக்கு வழி. மஸாஹிராவுக்கு நெஞ்சு கொதித்தது.

"எனக்கு சுகமில்ல," என்றாள்.

ஷப்ராஸ் சங்கடத்தோடு சிரித்தான். "உம்மா, நீங்கதானே ஒவ்வொரு நாளும் நல்லம் நல்லம் எண்டு சென்னீங்க?"

"அது நான் அல்லாஹ்வுக்குச் சென்ன. நீ நடுவில பூந்து ரெண்டு எண்டு சென்னது யாருக்கு?"

அவள் சுகிர்தாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஏண்ட மூஞ்சப் பாத்துத்தான் கேட்டீங்க மகள். கால் கீழ இருக்கி."

சுகிர்தா தலையைக் குனிந்தாள். பிறகு டொக்டரிடம், அம்மாவுக்குக் கொஞ்சம் கஷ்டம் இருக்கிறதாம் என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னாள். வத்தேகமச் சந்தையில் பேரம் பேசியே சிங்களம் படித்தவள் மஸாஹிரா.

"டிக்கக் நெவெய்," என்றாள். கொஞ்சமல்ல.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பதிந்தது பதிந்ததுதான், இனி மாற்றினால் ஆராய்ச்சியே பிழையாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். குரலில் குறையே இல்லை. அந்தக் குறையில்லாத குரல்தான் அவளை இன்னும் எரித்தது. அவருடைய ஆராய்ச்சி பிழையாகக்கூடாது. அவளுடைய கால் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

எழுந்து, முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தாள். வாசலைத் தாண்டிய பிறகும் ஷப்ராஸ் பின்னால் வருகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

மேசைக்குப் பக்கத்தில் அவளுடைய இடது செருப்பு கவிழ்ந்து கிடந்தது. எப்போது கழன்றதென்று தெரியவில்லை. மகனும் சுகிர்தாவும் டொக்டரும் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு, அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் இன்றுதான்.

அவள் திரும்பிப் போகவில்லை. எரிகிற காலை அப்படியே தரையில் ஊன்றிக்கொண்டு, மூன்று பேரில் யார் குனியப் போகிறார்கள் என்று பார்த்தபடி நின்றாள்.