காலர் நாயின் கழுத்தில் இருக்கிறது

'காலரின் மென்பொருள் பழையது. காலரைக் கணினியுடன் இணைத்துப் புதுப்பிக்கவும்.'

திரையில் வந்திருந்த இங்கிலீஷ் வாசகத்தை பியூலா மூன்றாவது முறையாக வாசித்தாள். மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். காலர் ரூபியின் கழுத்தில் இருந்தது. ரூபி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியது இந்தக் கருவி. அதைச் சொல்வதற்கு, முதலில் ரூபியைப் பிடித்துக்கொண்டு வா என்கிறது.

"என்னவாம்?" என்று எட்டிப் பார்த்தார் ஜெபக்குமார்.

"நாயைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா, நாய் எங்க இருக்குன்னு சொல்லுமாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"ஏங்க, பேசாம அங்கிட்டுப் போயி உக்காருங்க. கை எதாவது எடுத்து அடிச்சிரும்."

மணி இரண்டரை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் பியூலா வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் அது. சான்றிதழ், பட்டா நகல், பான் கார்டு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காலை பத்தரை மணியிலிருந்து, வீடு இருக்கும் மடவார் வளாகத்தில் ஒரு தெரு விடாமல் ஸ்கூட்டரில் சுற்றியாகிவிட்டது. "வெள்ளைக் கன்னுக்குட்டி மாதிரி ஒண்ணு மேக்க பாஞ்சு போச்சு" என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். அவ்வளவுதான் துப்பு.

நடந்தது இதுதான். ஜெபக்குமார் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, இட்லியைப் பிட்டுக்கொண்டே கருவியைக் கையில் எடுத்திருக்கிறார். 'புதிய மென்பொருள் வந்துள்ளது, புதுப்பிக்கவா?' என்று அது கேட்டிருக்கிறது. எது கேட்டாலும் ஓகே அமுக்குகிற கை அவருக்கு. போன வருஷம் டிவியை அப்படித்தான் கொரிய பாஷைக்கு மாற்றினார். சட்னிக் கையோடு அமுக்கிவிட்டு, கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார் என்று கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். ரூபி அவர் காலுக்கு நடுவில் புகுந்து போய்விட்டது. கூப்பிட்டுப் பார்த்தாராம்.

"கூப்பிட்டீங்களா? அவளையா?"

"பதட்டத்துல வந்துட்டு."

ரூபிக்குக் காது கேட்காது. பிறவியிலேயே. ராஜபாளையம் நாயில் வெள்ளைக் குட்டிகள் சில அப்படித்தான் பிறக்கும் என்று சொல்லி, நாய் வளர்க்கும் காசிராஜன் அதைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஜெபக்குமார் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது பியூலா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. 'இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு ஆளுக்குக் காது கேக்காது, அதுவும் கல்யாணத்துக்குப் பொறவு வந்த செவிடு' என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். நான்காம் நாள், குட்டி அவள் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்பை எடுக்க மனமில்லாமல் அன்று வெறுங்காலோடு கொடிக்குத் துணி போடப் போனாள். அதற்குப் பிறகு நாய் அவளுடையதாகிவிட்டது.

கருவியை வாங்கி அனுப்பியது மஸ்கட்டில் இருக்கும் கொழுந்தன் மெல்வின். கையில் ஒன்று, நாய்க்குக் காலர் ஒன்று. நாய் எங்கே போனாலும் திரையில் புள்ளி தெரியும். அதைவிட முக்கியம், ஒரு பட்டனை அமுக்கினால் காலர் லேசாக அதிரும். பியூலா சாயங்காலம் சாயங்காலம் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அந்தப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பழக்கினாள். ஒரே மாதத்தில், மொட்டைமாடியில் இருந்தாலும் அதிர்ந்த மறு நிமிஷம் ரூபி அவள் முன்னால் வந்து நின்றது. ரூபி என்பது மனுஷர்களுக்கு வைத்த பேர். நாய்க்குத் தெரிந்த பேர் அந்த அதிர்வு ஒன்றுதான். அந்தப் பேரைத்தான் இந்த மனுஷன் காலையில் அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஒருவர் வந்தார். பிரச்சினை புரிகிறது, காலரையும் கருவியையும் ஒரே கணினியில் இணையுங்கள் என்றார். 'காலர் நாயின் கழுத்தில் இருக்கிறது' என்று பியூலா தட்டினாள். கழற்றிவிட்டு இணைக்கலாம், நாய்க்கு வலிக்காது என்று பதில் வந்தது. 'நாயைக் காணவில்லை' என்றாள். சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம், நாய் கிடைத்ததும் இதே பக்கத்தில் தொடர்பு கொள்ளுங்கள், எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

பழைய மென்பொருளையே திரும்பப் போட்டுவிடலாம் என்று தேடினாள். கம்பெனி பக்கத்தில் பழையது இல்லை. ஏதோ ஒரு நாட்டு வேட்டைக்காரர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில், இதே போல அகப்பட்டுக்கொண்ட ஒருவர் பழைய கோப்பை வைத்திருந்தார். இறக்குவதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. கருவியை வயரில் செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு தடவை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். டிரைவர் மென்பொருளை அழித்துப் போட்டாள். கடைசியில்தான் தெரிந்தது, ஜெபக்குமார் வீட்டிலிருந்து எடுத்து வந்தது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர்.

"வயர்ல என்னட்டி இருக்கு? எல்லாம் ஒரே ஓட்டைதானே?"

பியூலா அவரைப் பார்த்த பார்வையில், வருமானச் சான்றிதழுக்காகக் காத்திருந்த பாண்டிசெல்வி தானாகவே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"யக்கா, நான் வேணா நாளைக்கு வாரேன்."

"இரு செல்வி. நீ இருந்தாத்தான் நான் கொலைகாரி ஆகாம இருப்பேன்."

சரியான வயர் மேஜைக்கு அடியிலேயே, ஒரு பழைய போனில் மாட்டியிருந்தது. கோப்பைப் போட்டாள். கருவி அணைந்தது, எரிந்தது, கம்பெனி படத்தைக் காட்டியது, மறுபடி அணைந்தது. ஏழு தடவை இப்படி. இரண்டு பட்டனைச் சேர்த்து முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி வேட்டைக்காரர் எழுதியிருந்தார். பிடித்தாள். உயிர் வந்தது. ஆனால் மொத்தமும் அரபியில் வந்தது. மஸ்கட்டில் வாங்கியது அல்லவா, பிறந்த ஊர்ப் பாஷைக்குத் திரும்பிவிட்டது.

மெல்வினை வீடியோவில் கூப்பிட்டார்கள். அவன் வேலை நேரத்தில் எங்கோ ஒரு கன்டெய்னர் மறைவில் நின்றுகொண்டு பேசினான்.

"மதினி, எனக்கு அரபி பேசத்தான் தெரியும். வாசிக்க வராது."

"பன்னெண்டு வருசமா அங்க என்னல பண்ணுத?"

பக்கத்தில் நின்ற ஓமன்காரரிடம் போனைக் கொடுத்தான். அவர் வீடியோவில் கருவியின் திரையைப் பார்த்து விரலை மடக்கிக் காட்டினார். மேலிருந்து ஐந்தாவது, பிறகு இரண்டாவது. இங்கிலீஷ் வந்தது. ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் துடைத்துப் போயிருந்தது. காலரைச் சேர்க்க அதன் எண்ணைக் கேட்டது. எண் காலரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

பியூலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மணி ஐந்தே கால். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மேற்கே மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சில தோப்புக்காரர்கள் கம்பி கட்டியிருக்கிறார்கள். பகலில் வெறும் கம்பி. இருட்டியதும் திருட்டுத்தனமாகக் கரண்ட் விடுவார்கள். போன மாதம் ஒரு ஆட்டுக்காரரின் நாய் அதில் கருகிக் கிடந்ததை ஊரே போனில் படமாகப் பார்த்தது.

"நம்பரு டப்பாலயும் இருக்கும்லா?" என்றார் ஜெபக்குமார்.

"எந்த டப்பா?"

"வந்த டப்பா. பரண்ல வச்சிருக்கேன்."

எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் காலிப் பெட்டியைப் பரணில் அடுக்குகிற மனுஷன். அதற்காக அவரை அவள் திட்டாத கிறிஸ்துமஸ் இல்லை. அவர் ஸ்கூட்டரில் பறந்து போய்ப் பெட்டியோடு வந்து நின்றபோது, காலையிலிருந்து முதல்முறையாக அவரைச் சொல்ல அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. எண்ணைத் தட்டினாள். சக்கரம் சுற்றியது. சுற்றியது. ஒரு புள்ளி வந்தது. அம்புக்குறி மேற்கே காட்டியது. 4.7 கிலோமீட்டர்.

"கெடைச்சிட்டு!" என்று கத்தியது பாண்டிசெல்விதான்.

செண்பகத்தோப்பு ரோட்டில் ஸ்கூட்டர் போகும்போது பியூலா பின்னால் உட்கார்ந்து அம்புக்குறியைப் பார்த்து அவர் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். இடது தோளைத் தட்டினால் இடது பக்கம். சொன்னால் கேட்காது, தட்டினால் திரும்பினார். ஒரு மாந்தோப்புக்குள் வண்டிப்பாதை போனது. அதன் கடைசியில், தோப்பின் எல்லையில், கம்பி குறுக்கே நின்றது. கம்பிக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் புதர், அதற்கு மேல் மலை. அம்பு கம்பிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியது. 212 மீட்டர். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

பியூலாவின் கட்டைவிரல் அதிர்வுப் பட்டனின் மேல் போய்விட்டது. அங்கேயே நின்றது. இப்போது கூப்பிட்டால் ரூபி நேராக வரும். சுற்றி வராது. கம்பியைத் தாண்டித்தான் வரும்.

பின்னால் மோட்டார் செட்டிலிருந்து தோப்புக் காவல்காரர் சுயம்புலிங்கம் டார்ச்சோடு வந்தார். செட்டு வாசலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, எங்க நாய் அங்கிட்டு நிக்கி. கம்பியில கரண்டு இருக்கா?"

"கரண்டா? யாரு சொன்னா? அதெல்லாம் கெடையாது. மாடு வரக் கூடாதுன்னு சும்மா கட்டிப் போட்டிருக்கு."

"அப்போ செத்த தொட்டுக் காட்டுங்க."

சுயம்புலிங்கம் கம்பியைப் பார்த்தார். டார்ச்சை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நான் எதுக்கும்மா தொடணும்?"

"நாங்க யாருட்டயும் சொல்ல மாட்டோம் அண்ணாச்சி. வாயில்லாச் சீவன்னு சொல்லுவாவ. இவளுக்குக் காதும் இல்ல."

அவர் தோப்பை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் ஜெபக்குமாரிடம் சொன்னார். "செட்டுல மெயினை எறக்கணும். எறக்குனா பல்பும் அமந்திரும். பல்பு அமந்தா ஒங்க வேலையைப் பாருங்க. இந்தத் தோப்புக்கு நீங்க வரவே இல்ல."

"நீங்களும் கூடப் போங்க" என்றாள் பியூலா கணவனிடம். "எறக்குனதைக் கண்ணால பாருங்க. ஆனா அங்க எந்தப் பட்டனையும் நீங்க தொடாதீய. அவிய தொடட்டும்."

இருவரும் பல்பை நோக்கி நடந்தார்கள். பியூலா கருவியோடு கம்பிக்கு முன்னால் நின்றாள். 212. பல்பு எரிந்தது. 212. பின்னால் திரும்பிப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக நின்றாள். 198.

அவள் அமுக்கவில்லை. 170. சத்தியமாக அமுக்கவில்லை. 141. ஏன் வருகிறாள்? அப்போதுதான் தன் நிழல் கம்பிக்கு அப்பால் நீளமாக விழுந்திருப்பதைக் கவனித்தாள். ஸ்கூட்டர் எஞ்சினை அவர் அணைக்காமல் போயிருந்தார். வண்டி ஓடினால் முகப்பு விளக்கு தானாக எரியும், தனியாக அணைக்கிற சுவிட்சே இல்லாத புது மாடல். தினமும் காலையில் ஷிஃப்ட் முடிந்து அவர் வரும்போது ரூபி ஓடிப்போய் நிற்பது அந்த விளக்குக்குத்தான்.

ஓடினாள். சாவியைத் திருகி அணைத்தாள். இருட்டு சட்டென்று மூடியது. திரையில் 64. 64. இன்னும் 64. வெளிச்சம் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்கிறாள் போலிருக்கிறது. இன்னும் எத்தனை நேரம் நிற்பாள்? "ஏங்க, சீக்கிரம்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

பல்பு அணைந்தது.

விரலை அழுத்தப் போனாள். திரை கண் சிமிட்டியது. கடையின் வைஃபையில் எப்போது இறக்கிக்கொண்டதோ, 'புதிய மென்பொருள் தயார். இப்போது புதுப்பிக்கவா?' என்று கேட்டது.

"நாசமாப் போறவனே" என்றாள். இல்லை. 'ஒரு மணி நேரம் கழித்து நினைவூட்டவா?' இல்லை. 'உறுதியாகவா?' உறுதியாக. புள்ளி திரும்ப வந்தது. பட்டனை அமுக்கினாள். எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினாள்.

58. 37. 20.

எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஓடைக்கரைப் புதரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு, காலரில் இருப்பது, மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டு வந்தது. கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் பச்சைப் பொட்டு ஒரு கணம் தாழ்ந்து, பிறகு இருட்டில் மேலே எழும்பியது.