எழும்பிட்டுதாம்

என்ரை மனிசன் ஜெயகாந்துக்குக் குண்டலினியிலை பைத்தியம். இந்தியாவிலை மண்டபம் அகதி முகாமிலை இருக்கேக்கை ஒரு சாமியாரிட்டைப் படிச்சது. முதுகுத்தண்டின்ரை அடியிலை ஒரு பாம்பு சுருண்டு படுத்திருக்குதாம். மூச்சை அடக்கி இருந்தால் அது எழும்பி உச்சந்தலைக்கு ஏறுமாம். எங்கடை ஊர் அரிப்புக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்கு இன்னும் கதவு போடேல்லை, இவருக்குப் பாம்பு எழும்போணும். "முதல்லை நீங்கள் விடிய எழும்புங்கோ, பிறகு பாம்பை எழுப்பலாம்" எண்டு நான் வாய்க்கு வந்தபடி பேசுவன். மனிசன் சிரிக்கும்.

தொழில் கடலட்டை. முதுகிலை காத்துச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ப் பொறுக்கிறது.

அண்டைக்கு மத்தியானம் கரைக்கு வந்தவர் சாப்பிடேல்லை. "பிரஷாந்தி, முதுகு அடியிலை இருந்து விறுவிறெண்டு ஏறுது. எழும்பிட்டுதடி! என்னைத் தொடாதை" எண்டு சொல்லிப்போட்டுப் பாயிலை சம்மணம் கட்டி இருந்திட்டார். அந்த முகத்திலை இருந்த சந்தோசத்தை நான் எங்கடை கலியாணத்தண்டும் காணேல்லை. பத்து வருசமாக் கேலி பண்ணின என்ரை பாழாப்போன வாய் அண்டைக்கெண்டு பார்த்து அடங்கிட்டுது. பாவம், இருக்கட்டும் எண்டு சோத்தை மூடி வைச்சிட்டு வெளியிலை விறகு கொத்தினன்.

நாலு மணிபோலை, அவரோடை கடலுக்குப் போற கொலின்ஸ் அண்ணை வந்தார்.

"சிலிண்டர் முடிஞ்சு ஜெயா சட்டெண்டு மேலை வந்தவன். ஆள் எப்பிடி?"

"அவருக்கு எழும்பிட்டுது அண்ணை" எண்டு நான் பெருமையாச் சொன்னன்.

அவர் உள்ளை ஓடிப்போய் மனிசன்ரை காலைக் கிள்ளினார். மனிசனுக்கு உறைக்கேல்லை.

"சேசுவே! தங்கச்சி, இது பாம்பில்லை, காத்து. அவசரமா மேலை வந்தால் இரத்தத்திலை குமிழ் கட்டும். எழும்படா ஜெயா, பாப்பம்!"

மனிசன் கையை ஊண்டி எழும்பப் பார்த்தார். இடுப்புக்குக் கீழை ஒண்டும் சொல்லுக் கேக்கேல்லை.

ஆஸ்பத்திரியிலை டொக்டர் என்னட்டைக் கேட்டது ஒண்டுதான்: "ஏனம்மா இவ்வளவு நேரம் பிந்தினனீங்கள்?" முதல் தடவையா என்ரை புருசனை நம்பினனான் எண்டு சொல்லுறதோ? வாயைப் பொத்திக்கொண்டு அழுதன்.

இப்ப மூண்டு மாசம். ஒவ்வொரு நாளும் விடிய அவரைச் சக்கரக் கதிரையிலை வாசல் முத்தத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, முதுகின்ரை அடியிலை கையை வைச்சு அமத்திறன். "மூச்சை இழுங்கோ. அங்கை படுத்திருக்கிறதை எழுப்புங்கோ." இப்ப சொல்லுறது நான்தான்.

நேற்று மனிசன் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "உனக்கும் நம்பிக்கை வந்திட்டுதோ?"

"உச்சந்தலைக்கு வேண்டாம்" எண்டன். "ஒருக்காக் காலுக்கு அனுப்புங்கோ."